“கல்லைத் தொடாம கல்வெட்டா, தம்பி?” – ஒரு புதுப் பாடம் பிறந்த அறையிலிருந்து

தேர்வுக்கு முதல் நாள் ராத்திரி சிலபஸைப் பிரித்து வைத்துக்கொண்டு, “இதையெல்லாம் யாருப்பா எழுதினது?” என்று கேட்காத கல்லூரி மாணவர் தமிழ்நாட்டில் உண்டா? அந்த ‘யார்’ எல்லோரும் கூடி உட்கார்ந்திருக்கிற அறைக்குள் போய்விட்டு வந்திருக்கிறேன்! காலை பத்து மணிக்கு ஆரம்பித்து, கீரை வடை, மதியச் சாப்பாடு, மறுபடியும் டீ என்று சாயங்காலம் வரை நடந்தது. ஓரமாக ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். கேட்கலாம், குறுக்கே பேசக் கூடாது என்பது அவர்கள் நிபந்தனை. கல்லூரியின் பெயரையும் ஆட்களின் பெயரையும் எழுத மாட்டேன் என்பது நான் கொடுத்த வாக்கு. காவிரிக் கரையில் உள்ள ஒரு தன்னாட்சிக் கலைக் கல்லூரி, தமிழ்த்துறை, பாடத்திட்டக் குழுக் கூட்டம். இவ்வளவு போதும்.

பாடத்திட்டக் குழு என்று அழைப்பிதழில்தான் இருக்கிறது. பேச்சில் எல்லோருக்கும் அது ‘போர்டு’. “இந்த போர்டுல வெச்சுடலாம்”, “போன போர்டுலயே சொன்னேன்” என்றுதான் பேராசிரியர்கள் பேசிக்கொள்கிறார்கள்.

உள்ளே போகும் முன் கொஞ்சம் பின்னணி. பல்கலைக்கழகத்தோடு இணைந்த சாதாரணக் கல்லூரிக்குச் சிலபஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்துவிடும். நடத்துவது மட்டும்தான் கல்லூரியின் வேலை. தன்னாட்சிக் கல்லூரியில் பாடம் வகுப்பதும் கேள்வித்தாள் எடுப்பதும் தேர்வு வைப்பதும் கல்லூரியின் பொறுப்பு. பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். 1964–66இல் இயங்கிய கோத்தாரி கல்விக் குழு வலியுறுத்திய யோசனை இது. தமிழ்நாடு அதை முந்திக்கொண்டு பிடித்தது. சென்னை லயோலா, சென்னைக் கிறித்தவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி, கோவை பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி எல்லாம் 1978லேயே தன்னாட்சி பெற்றவை. அதாவது, நம் ஊரில் ஒரு துறையின் ஆசிரியர்கள் கூடிப் பேசி, தங்கள் மாணவர்களுக்கு என்ன வேண்டுமோ அதைப் பாடமாக்கும் உரிமைக்குக் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு வயது. இந்த உரிமையின் அருமை தெரிந்தவர்கள் நடுவில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தது என் பாக்கியம் என்றே சொல்வேன்.

யார் யார் இருந்தார்கள்? துறைத் தலைவர் அம்மாதான் தலைவர். துறை ஆசிரியர்கள் அத்தனை பேரும் உறுப்பினர்கள். வேறு பல்கலைக்கழக வட்டாரத்திலிருந்து இரண்டு நிபுணர்கள்: ஒருவர் பேராசிரியை, இன்னொருவர் தொல்லியல் துறையில் ஓய்வு பெற்ற கல்வெட்டு ஆய்வாளர். முதல்வர் ஆறு பெயர் எழுதி அனுப்ப, அதிலிருந்து துணைவேந்தர் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஒருவர். தொழில் துறைப் பிரதிநிதி என்ற இடத்தில் எழுத்துரு வடிவமைப்பும் நூல் அச்சாக்கமும் செய்கிற ஒருவர். கடைசியாக, அந்தத் துறையிலேயே முதுகலை முடித்துவிட்டு இப்போது அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிற பழைய மாணவி. யு.ஜி.சி. விதி சொல்கிற அமைப்பு இதுதான். விதியில் படிக்கும்போது உப்புச்சப்பில்லாத பட்டியல். நேரில் பார்த்தால்… அதற்குத்தானே வருகிறேன்!

அன்றைய அஜெண்டாவில் பழைய பாடங்களின் திருத்தங்கள் நிறைய இருந்தன. பார்வை நூலின் பதிப்பு ஆண்டை மாற்றுவது, ஒரு யூனிட்டில் ஒரு சிறுகதையை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பது என்பன போன்றவை மளமளவென்று ஓடின. எல்லோரும் காத்திருந்தது ஆறாவது பொருளுக்காக. ஐந்தாம் பருவத்துக்குப் புதிய விருப்பப் பாடம்: ‘கல்வெட்டியல் – ஓர் அறிமுகம்’. முன்வைப்பவர், பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆன உதவிப் பேராசிரியர். எழுந்து நிற்கும்போது அவர் கையிலிருந்த தாள் லேசாக ஆடியது. என் கண்ணில் பட்டது. எனக்கும் நெஞ்சு படபடத்தது.

ஒரு புதுப் பாடம் இந்த மேசைக்கு வருவதற்குள் என்னென்ன தாண்டி வருகிறது என்று முந்தின வாரமே துறையில் கேட்டு வைத்திருந்தேன். வாரத்துக்கு முப்பது மணி நேரம். அதுதான் மாணவரின் மொத்தக் கால அட்டவணை. புதிதாக ஒன்று உள்ளே வர வேண்டுமானால் ஏதாவது ஒன்று வெளியே போக வேண்டும், அல்லது ஒன்றுக்கு மாற்றாக இன்னொன்று என்று மாணவரிடம் விட வேண்டும். ஏற்கெனவே அந்த இடத்தில் இதழியல் இருந்தது. பல வருடங்களாக அதை நடத்தி வருகிற மூத்த பேராசிரியர் இருக்கிறார். உதவிப் பேராசிரியருக்கு யு.ஜி.சி. கணக்குப்படி வாரம் பதினாறு மணி நேரம் வகுப்பு. நான்கு மணி நேரப் பாடம் ஒன்று போனால் ஒருவருடைய வேலைப் பளுவில் கால் பங்கு போனது போல. அடுத்து அந்தப் பணியிடமே தேவையா என்ற கேள்வி வந்து நிற்கும். ஆகவே ஒரு மணி நேரத்துக்காகக் கல்லூரிகளில் குரல் உயர்கிறது என்றால், அதைக் கௌரவப் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள், அது பிழைப்பு. துறைத் தலைவர் அம்மா இரண்டையும் வைத்துக்கொண்டார். இதழியலா கல்வெட்டியலா என்று மாணவர்களே தேர்ந்தெடுக்கட்டும் என்றார். அப்படியானால் கல்வெட்டியலுக்கு ஆசிரியர் யார்? அந்த இளைஞர் எழுந்து, “என் பதினாறுக்கு மேலே போனாலும் பரவாயில்லை, நானே எடுக்கறேம்மா” என்றாராம். இதழியல் பேராசிரியர் உடனே, “அவருடைய அடிப்படைத் தமிழ் வகுப்பு ரெண்டு மணி நேரத்தை நான் எடுத்துக்கறேன்” என்றாராம். இதைக் கேட்டபோதே நான் இந்தத் துறையின் ரசிகன் ஆகிவிட்டேன்.

சரி, தாளுக்கு வருவோம். ஒரு பருவத்துக்குத் தொண்ணூறு வேலை நாள். ஆறு நாள் சுழற்சி, ‘டே ஆர்டர்’. ஆக, பதினைந்து சுற்று. சுற்றுக்கு நான்கு மணி நேரம் என்றால் அறுபது மணி நேரம். ஐந்து அலகு, அலகுக்குப் பன்னிரண்டு மணி நேரம், மூன்று கிரெடிட். இந்தச் சட்டகத்துக்குள்தான் இரண்டாயிரம் ஆண்டுத் தமிழ் எழுத்து வரலாறு உட்கார வேண்டும். இளைஞர் அடுக்கியிருந்த வரிசை இது: முதல் அலகு எழுத்தின் தோற்றம். இரண்டாவது தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்து; மாங்குளம், புகளூர், ஜம்பை கல்வெட்டுகள், புலிமான்கோம்பை நடுகல். மூன்றாவது வட்டெழுத்து. நான்காவது சோழர் காலக் கல்வெட்டுகள். ஐந்தாவது செப்பேடுகள்; வேள்விக்குடி முதலியன. பாட நூல், பார்வை நூல் பட்டியலில் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவனின் 2003ஆம் ஆண்டு நூல், தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் அடங்கிய தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதி. பார்த்தவுடன் எனக்கு இப்போதே சேர்ந்து படித்துவிடலாம் போலிருந்தது.

முதலில் பேசியவர் வெளியூர்ப் பேராசிரியை. அவர் பார்வை போனது ‘பாடத்தின் பயன்’ என்ற கட்டத்துக்கு. ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்து பயன்கள் எழுத வேண்டும்; இந்தப் பாடத்தைப் படித்து முடித்த மாணவரால் என்ன செய்ய முடியும் என்று. பெஞ்சமின் புளூம் என்ற அமெரிக்கக் கல்வியாளர் தம் குழுவோடு 1956இல் வகுத்து, 2001இல் மற்றவர்கள் திருத்திய படிநிலைதான் இதற்கு அளவுகோல். நினைவுகூர்தல், புரிந்துகொள்ளுதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், உருவாக்குதல் என்று ஆறு படி. கே1 முதல் கே6 வரை.

“நாலாவது பயன்ல ‘சோழர் காலக் கல்வெட்டுகளின் சிறப்பை அறிந்துகொள்வர்’னு போட்டிருக்கீங்க. அறிஞ்சுகிட்டாங்களா இல்லையான்னு எப்படிங்க ஐயா கண்டுபிடிப்பீங்க?” என்றார் பேராசிரியை.

“தேர்வுல கட்டுரை எழுதுவாங்கம்மா.”

“கட்டுரையை கைடு பாத்தும் எழுதலாமே. கல்வெட்டுப் படிச்ச பையன் என்ன செய்யணும்னு நீங்க ஆசைப்படறீங்க? அதை எழுதுங்க.”

இளைஞர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு சொன்னதைத் துறைத் தலைவர் அம்மா அப்படியே குறித்துக்கொண்டார்: “முன்பின் பார்த்திராத பத்து வரிச் சோழர் காலக் கல்வெட்டை இன்றைய எழுத்தில் பெயர்த்து எழுதுவர்.” முக்கியமாக மாறியது வினைச்சொல்தான். ‘அறிந்துகொள்வர்’ போய் ‘பெயர்த்து எழுதுவர்’ வந்தது. ஆனால் அந்த நொடியில் பாடமே வேறாகிவிட்டது! பத்து வரி வாசிக்க வேண்டும் என்றால் வகுப்பில் நூறு வரியாவது வாசித்திருக்க வேண்டும். இந்தப் பயன், படிநிலை, அட்டவணை எல்லாம் வெறும் காகித வேலை என்று பல ஆசிரியர்கள் அலுத்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த மேசையில் பார்த்த பிறகு சொல்கிறேன், நல்ல கேள்வி கேட்கிற ஒருவர் எதிரில் இருந்தால் அந்தக் கட்டம் பொன்னான கட்டம்.

இதற்குள் ஓய்வு பெற்ற கல்வெட்டு ஆய்வாளர் தாளை மூன்று முறை முன்னும் பின்னும் புரட்டிவிட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“அறுபது மணி நேரமும் வகுப்பறையிலேயே முடிச்சிட்டீங்களே. கல்லைத் தொடாம கல்வெட்டா, தம்பி?”

அறை கப்சிப். அவர் எழுந்து வெள்ளைப் பலகைக்குப் போனார். பெரிதாக எழுதினார்: கொபபரகெசரி. “இது யாரு, சொல்லுங்க பாப்போம்” என்றார். பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவம், ஒகரமும் ஓகாரமும் ஒரே வடிவம். படிப்பவர்தான் புள்ளி வைத்து, குறில் நெடில் பிரித்துக்கொள்ள வேண்டும். பழைய மாணவி மெதுவாக உதட்டை அசைத்துப் பார்த்துவிட்டு, “கோப்பரகேசரி!” என்று கத்தியே விட்டார். பரகேசரி, சோழ மன்னர்கள் மாறி மாறிச் சூடிக்கொண்ட பட்டங்களில் ஒன்று. “பாத்தீங்களா, இந்தச் சந்தோஷம் புத்தகத்துல வராது. கல்லுல விரலை வெச்சுத் தடவித் தடவிப் படிச்சாதான் வரும்” என்றார் பெரியவர். ஓரத்து நாற்காலியில் இருந்த நானும் அந்தச் சந்தோஷத்தில் பங்கு வாங்கிக்கொண்டேன்.

அடுத்த முக்கால் மணி நேரம்தான் அன்றைய உச்சம். கல்லூரியிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் சோழர் காலக் கோயில் இருக்கிறது; அதிட்டானம் எனும் அடிப்பீடம் முழுக்க எழுத்து. பன்னிரண்டு மணி நேரத்தைக் களப்பணிக்கு ஒதுக்கலாம் என்றார் ஒருவர். அதற்கு எதை வெட்டுவது? செப்பேட்டு அலகைச் சுருக்கி, சோழர் அலகோடு சேர்க்கலாம். மைப்படி எடுக்கக் கற்றுக்கொடுக்க வேண்டுமா? கட்டாயம் வேண்டும் என்றார் பெரியவர். மைப்படி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கல்லைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துச் சுத்தம் செய்து, ஈரக் காகிதத்தை மேலே ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் காகிதத்தை இறக்க வேண்டும். பிறகு மை தோய்த்த பொதியால் மேலே ஒற்றினால், பள்ளத்தில் இறங்கிய எழுத்து வெள்ளையாக நிற்க, மற்ற இடமெல்லாம் கறுப்பாகும். கண்ணுக்குத் தெரியாத எழுத்துகூடப் பளிச்சென்று எழுந்து வரும்.

துணைவேந்தரின் நியமன உறுப்பினர் அதுவரை அதிகம் பேசவில்லை. அவர்தான் கேட்டார்: “கோயில் கல்லுல மாணவர்களை மை ஒத்த விடலாமா? அனுமதி?” நியாயமான கேள்வி. அனுமதி வாங்காமல் பழங்கல்லில் கை வைக்கக் கூடாது. ஒவ்வொரு ஆண்டும் நாற்பது பேர் பழகிப் பார்க்கிற இடமும் அதுவல்ல. பெரியவரே தலையாட்டினார். தீர்வு சொன்னவர் யார் தெரியுமா? இதழியல் பேராசிரியர்! “நம்ம ஊர்லயே கல் தச்சர்கள் இருக்காங்களே. நாலு பலகைக் கல் வாங்கி, உண்மையான கல்வெட்டு வாசகத்தையே பழைய எழுத்துல வெட்டித் தரச் சொல்லலாம். மைப்படியை அதுல பழகட்டும். கோயில்ல போய்க் கண்ணால பாத்து எழுதட்டும்.” பெரியவர் மேசையைத் தட்டினார். துறைத் தலைவர் அம்மா கல்லின் விலையை விசாரிக்க அங்கேயே ஆளை ஏவினார். தேவையான பொருள்கள் என்ற தலைப்பில் ஒரு தமிழ்ப் பாடத்துக்குக் கருங்கல் பலகை எழுதப்பட்டதைக் கண்ணாரப் பார்த்தேன்!

சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் கொஞ்சம் தூங்கும் என்று எதிர்பார்த்தேன். தூங்க விடவில்லை பழைய மாணவி. நாள் முழுக்கப் பேசியவற்றில் என்னை ஆகப் பரவசப்படுத்தியது அவர் சொன்னதுதான்.

“அம்மா, ஒண்ணு சொல்லலாமா? நான் எம்.ஏ. படிக்கறப்போ ஒரு பேப்பர்ல தமிழி எழுத்து வந்துச்சு. முதல் வாரமே அதைத்தான் போர்டுல எழுதிக் காட்டினாங்க. எங்களுக்கு அது கோடும் குச்சியுமா இருந்துச்சு. பாதிப் பேர் அன்னிக்கே ‘இது நமக்கு வராது’ன்னு முடிவு பண்ணிட்டோம். சோழர் காலத்து எழுத்து நாம இப்ப எழுதறதுக்குப் பக்கத்துல இருக்கே. அதை முதல்ல வெச்சா என்ன? தெரிஞ்சதுலேர்ந்து தெரியாததுக்குப் போகலாமே.”

வரலாற்றைப் பின்னாலிருந்து முன்னால் நடத்துவதா? பேராசிரியைக்கு உடன்பாடில்லை. தமிழியிலிருந்து வட்டெழுத்தும் தமிழெழுத்தும் எப்படிக் கிளைத்தன என்பது புரிய வேண்டுமானால் காலவரிசை வேண்டும் என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது. பெரியவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு தம் அனுபவத்தைச் சொன்னார்: புதிதாகப் பயிற்சிக்கு வருகிறவர்களை அவர் எப்போதும் முதலில் சோழர் காலக் கல்லின் முன்தான் நிறுத்துவாராம். கால் எது, ரகரம் எது என்று தடுமாறி, ஒரு வரி பிடிபட்டதும் அவர்கள் முகம் மாறுமாம். அதன் பிறகு எவ்வளவு பழைய எழுத்தையும் விடாமல் துரத்துவார்களாம். “காலவரிசையைக் கடைசி அலகுல ஒரு தடவை நேராக்கிச் சொல்லிடலாம். இந்தப் பொண்ணு சொல்றதுதான் சரி” என்றார்.

அந்த இளைஞரைப் பார்த்தேன். மாதக்கணக்கில் உட்கார்ந்து அடுக்கிய வரிசை கண் முன்னால் தலைகீழாகிறது. அவர் முகத்தில் வருத்தம் துளிகூட இல்லை. மடிக்கணினியில் நான்காம் அலகை வெட்டி முதல் இடத்தில் ஒட்டிக்கொண்டே, “ஆமாம்மா, ஆமா, அப்ப ரெண்டாவது வாரமே கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்!” என்றார். இறுதி வரிசை இப்படி ஆயிற்று: சோழர் காலக் கல்வெட்டும் செப்பேடும், களப்பணியும் மைப்படியும், வட்டெழுத்தும் நடுகற்களும், தமிழி, அதன் பிறகு எழுத்தின் வரலாறு. பேராசிரியையும் மனப்பூர்வமாகச் சம்மதித்தார். ஐந்தாம் அலகில் ஒரு கால அட்டவணை கட்டாயம் வேண்டும் என்ற அவருடைய நிபந்தனை சேர்க்கப்பட்டது.

எழுத்துரு நிபுணர் சும்மா இருப்பாரா? சோழர் கல்வெட்டில் நில அளவு வராத இடமில்லை. வேலி, மா, காணி, முந்திரி. ஒரு வேலியில் இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. இவற்றுக்கெல்லாம் தனித்தனிக் குறி உண்டு. வெகுகாலம் கணினியில் அவற்றைத் தட்டச்சு செய்ய வழியில்லாமல் படமாகத்தான் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். 2019இல் வெளிவந்த யூனிகோடு 12ஆம் பதிப்பில் தமிழ்ப் பின்னங்களுக்கும் பழைய குறியீடுகளுக்கும் இடம் கிடைத்துவிட்டது. “மாணவர்கள் பெயர்த்தெழுதறதைக் கணினியிலயே எழுதட்டும். அச்சுத் துறையிலயும் மின்பதிப்புத் திட்டங்கள்லயும் இது தெரிஞ்சவங்களுக்கு வேலை இருக்கு” என்றார். அதுவும் முதல் அலகில் ஏறியது. கல்வெட்டுப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று பெற்றோர் கேட்பார்களே, அதற்கு மேசையிலேயே ஒரு விடை.

கூட்டத்துக்கு அழைக்கப்பட்டு வந்திருந்த தேர்வுப் பிரிவுக்காரருக்கு வேறு கவலை. கல்வெட்டின் படத்தைக் கேள்வித்தாளில் போட்டால் அச்சில் வெறும் கறுப்புச் சதுரமாகத்தான் விழும், எழுத்து தெரியாது. புகைப்படம் வேண்டாம், கோட்டோவியமாக வரைந்து தாருங்கள் என்றார். எழுபத்தைந்து மதிப்பெண் எழுத்துத் தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்குப் பெயர்த்தெழுதும் கேள்வி கட்டாயம். மீதி இருபத்தைந்து அக மதிப்பீட்டில் பெரும்பங்கு களக் குறிப்பேட்டுக்கு. முடிந்தது.

மினிட்ஸ் எழுதப்பட்டது. ‘விவாதிக்கப்பட்டது, திருத்தங்களுடன் ஏற்கப்பட்டது, கல்விக் குழுவின் ஒப்புதலுக்குப் பரிந்துரைக்கப்பட்டது’ என்று மூன்றே தொடர். நாள் முழுக்க நடந்த அத்தனை கூத்தும் அந்த மூன்று தொடருக்குள் அடங்கிவிட்டது! எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

கல்விக் குழுதான் அடுத்த வாசல். முதல்வர் தலைமையில் எல்லாத் துறைத் தலைவர்களும், தொழில், சட்டம், மருத்துவம் என்று வெளித் துறைகளிலிருந்து அழைக்கப்பட்டவர்களும், பல்கலைக்கழகத்தின் நியமனப் பேராசிரியர்கள் மூவரும் உட்காருகிற அவை. அங்கே எனக்கு நாற்காலி கிடைக்கவில்லை. வராந்தாவில் காத்திருந்து, வெளியே வந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பாடத்திட்டக் குழு சொன்னதில் உடன்பாடு இல்லையென்றால், காரணம் சொல்லித் திருப்பி அனுப்பவோ நிராகரிக்கவோ இந்த அவைக்கு அதிகாரம் உண்டு. அன்று ஒன்று திரும்பியது. தரவுப் பகுப்பாய்வு பற்றி இரண்டு துறைகள் தனித்தனியாகப் பாடம் கொண்டுவந்திருந்தன. பாதிக்கு மேல் ஒரே சரக்கு. சேர்ந்து ஒன்றாகக் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மிகச் சரியான முடிவு.

கல்வெட்டியலுக்கு என்ன ஆயிற்று? அவையில் இருந்த வழக்கறிஞர் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: “உத்திரமேரூர் இருக்கா?” முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள். ஊர்ச் சபைக்கு யார் தகுதியுள்ளவர், யார் தகுதியற்றவர் என்று விதி விதியாகச் சொல்பவை. இருக்கிறது என்றதும், “அப்படின்னா அரசியல் அறிவியல் மாணவர்களுக்கும் இதைத் திறந்துவிடுங்களேன்” என்றாராம். அரசியல் அறிவியல் துறைத் தலைவர் அங்கேயே கையைத் தூக்கிவிட்டார். அடுத்த போர்டில் பிற துறை மாணவர்களுக்கான எளிய வடிவம் ஒன்று வருகிறது. பாடத்துக்குக் குறியீட்டு எண்ணும் கிடைத்துவிட்டது. அது கிடைத்தால்தான் தேர்வுப் பிரிவின் கணினி ஒரு பாடத்தை அடையாளம் கண்டுகொள்ளும்.

இப்படி ஒரு மேசையில் எடுக்கிற முடிவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பெரிய உதாரணம் நம் கண் முன்னாலேயே இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் 2022–23இல் பொறியியல் முதலாண்டில் ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்று இரண்டு பாடங்களைச் சேர்த்தது. ஒவ்வொன்றும் ஒரு கிரெடிட், பதினைந்து பாடவேளை, அலகுக்கு மூன்று வேளை. மூன்று வேளையில் நெசவையும் பானையையும் சொல்லி முடிக்க வேண்டும்! போதாதுதான், என் கருத்தில் இரண்டு கிரெடிட்டாவது கொடுத்திருக்கலாம். ஆனாலும் மெக்கானிக்கல் படிக்கிற பிள்ளைகளும் கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகளும் தமிழரின் நீர்ப்பாசனத்தையும் கணித்தமிழையும் பாடமாகப் படிக்கிறார்கள் என்றால், யாரோ சிலர் ஒரு அறையில் உட்கார்ந்து அதற்காக வாதாடியிருக்கிறார்கள். அவர்களுக்கு என் வணக்கம்.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். பாடத்திட்டம் பற்றிய கருத்துப் படிவம் கல்லூரியிலிருந்து வந்தால், எல்லாக் கட்டத்திலும் ‘நன்று’ என்று டிக் அடித்து அனுப்பிவிடாதீர்கள். மாணவர், ஆசிரியர், பழைய மாணவர், வேலை கொடுப்பவர் என்று நான்கு தரப்பிடமும் கருத்துக் கேட்டிருக்கிறார்களா என்பதைக் கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடுகிற நாக் (NAAC) குழு பார்க்கிறது. ஆகவே அந்தப் படிவங்கள் கோப்பாகி போர்டுக்கு வந்தே தீரும். எந்தப் பாடம், எந்த அலகு, எங்கே தடுக்கியது, எதை முன்னால் வைத்தால் புரிந்திருக்கும் என்று இரண்டு வரி எழுதுங்கள். படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டவரா? உங்கள் பழைய துறைத் தலைவருக்கு ஒரு போன் போட்டு, “அடுத்த போர்டு எப்ப சார்?” என்று கேளுங்கள். பழைய மாணவருக்கு அந்த மேசையில் ஒரு இடம் விதிப்படியே இருக்கிறது. கூப்பிட்டால் லீவு போட்டுவிட்டாவது போய் வாருங்கள்.